எமது கோவைகளும் இடம்பெயர்கின்றன

அரசாங்கக் கந்தோர்களைப் பற்றி எமது மக்கள் பேசும்போது அநேகமாகக் கோபத்துடனேயே பேசுகிறார்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. காலை பஸ்ஸைப் பிடித்து, ஒரு நாள் கூலியை இழந்து, வாங்கில் மணிக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் "ஐயா லீவு, அடுத்த கிழமை வாருங்கள்" என்ற பதிலோடு திரும்புகிறவருக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்?

ஆனால் இம்முறை நாம் பேச விரும்புவது மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவரைப் பற்றியல்ல. அந்தப் பக்கம் இருப்பவரைப் பற்றியே. அங்கவீனக் கொடுப்பனவுக்கான விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் உத்தியோகத்தர்கள் எத்தனை காலம் ஒரே கதிரையில் இருக்கிறார்கள்? எந்த நிலைமையில் வேலை செய்கிறார்கள்? ஏன் போய்விடுகிறார்கள்? இவையெல்லாம் அவர்களுடைய தொழிற்சங்கத்தின் கவலை, எமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். எமக்குத்தான் இதிலே பெரும் பங்கு உண்டு என்பதும், இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு மற்றெல்லோரையும்விடக் கூடிய பங்கு உண்டு என்பதுமே எமது கருத்து.

பரிசீலிப்பவர் யார்?

இந்த நாட்டில் அங்கவீனக் கோரிக்கையைப் பரிசீலிப்பதற்கென்று தனியான ஒரு பதவி இல்லை. பலர் சங்கிலியாகச் சேர்ந்தே அதைச் செய்கிறார்கள். விண்ணப்பதாரர் இந்தப் பிரிவில்தான் வசிக்கிறார், குடும்ப வருமானம் இவ்வளவுதான் என்று உறுதிப்படுத்துபவர் கிராம உத்தியோகத்தர். பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தர் விண்ணப்பத்தை ஏற்று, வீட்டுக்குச் சென்று பார்த்து, சிபாரிசு எழுதுகிறார். அங்கவீனத்தின் தன்மையை அரசாங்க வைத்தியர் பரிசோதித்துச் சான்று தருகிறார். பிரதேச செயலாளர் கையொப்பமிடுகிறார். 2023 ஜூலையில் அஸ்வெசும நடைமுறைக்கு வந்த பின்னர், நலன்புரி நன்மைகள் சபையின் கணினிப் பதிவும் அதைச் செய்யும் உத்தியோகத்தரும் இந்தச் சங்கிலியில் சேர்ந்துகொண்டனர். இவற்றுள் ஒரு கண்ணி அறுந்தாலும் கோரிக்கை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

கோரப்படுவது பெருந்தொகையல்ல. ஒரு காலத்தில் மாதம் 3,000 ரூபாவாக இருந்தது. பிறகு 5,000 ஆகியது. அஸ்வெசும வந்தபின் 7,500 ஆகி, 2025-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தால் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வசதியுள்ள வீட்டில் இது ஒரு மாதத்து மின்சாரக் கட்டணத்துக்கும் தொலைபேசிக்கும் போய்விடக்கூடிய பணம். உழைத்த கை ஒன்று முடங்கிப்போன வீட்டிலோ இதுதான் அரிசி, இதுதான் மருந்து, இதுதான் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு.

2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.7 சதவீதத்தினர், அதாவது 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர், பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவிற் கொள்ளல் போன்ற ஏதாவது ஒன்றிலேனும் சிரமம் உள்ளவர்கள். கொடுப்பனவு பெற்றுவந்தோர் இதில் ஒரு சிறு பங்கினரே. ஒதுக்கப்பட்ட நிதிக்கு ஏற்ற எண்ணிக்கைதான் ஏற்கப்பட்டது. மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள். இப்படி இடம் குறைவாகவும் ஆட்கள் அதிகமாகவும் இருக்கும்போது, யாருடைய கோவை முழுமையாக இருக்கிறது, யாருடைய கோவையில் ஒரு தாள் குறைகிறது என்பதே ஒரு குடும்பத்தின் தலைவிதியாகிவிடுகிறது.

ஊர்ச் சாட்சியும் கோவைச் சாட்சியும்

பரம்பரையாக ஒரே ஊரில் வாழ்கிறவருக்கு ஊரே சாட்சி. கிராம உத்தியோகத்தர் மாறினாலும், கோயில் தர்மகர்த்தாவோ பள்ளிவாசல் தலைவரோ "இவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், கால் போனது இன்ன வருடம்" என்று சொல்லிவிடுவார். காணி உறுதி இருக்கிறது. வாக்காளர் இடாப்பில் அப்பனுடைய பெயருக்குக் கீழே மகனுடைய பெயர் இருக்கிறது. புதிய உத்தியோகத்தர் ஒரு மாலைப் பொழுதில் விசாரித்து அறிந்துகொள்ளலாம்.

இடம்பெயர்ந்த குடும்பத்தின் நிலை அதுவல்ல. 1990-ஆம் ஆண்டின் வன்செயல்களில் வயலையும் வாடியையும் விட்டுக் கரையோரத்துக்கு வந்தவர்கள் எம்மிடையே உண்டு. 2007-இல் படுவான்கரையிலிருந்து ஆற்றைக் கடந்து ஓடிவந்தவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது இந்த அம்பாறைக் கரையில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாட்டிலேயே உயிரிழப்பு மிகக் கூடிய மாவட்டம் எமது மாவட்டம்தான். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு என்று வரிசையாகக் கரையோர வீடுகள் போயின. வீடுகளோடு பிறப்புச் சான்றிதழும் வைத்தியசாலைத் துண்டும் போயின. பிறகு வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை வீடு கட்டக்கூடாது என்ற விதி வந்தது. அதனால் மீண்டும் ஒரு இடமாற்றம்.

இப்படி இரண்டு, மூன்று தடவை பெயர்ந்த குடும்பத்துக்குப் பழைய ஊரிலே ஒரு கிராம உத்தியோகத்தர், புதிய ஊரிலே இன்னொருவர். பழையவர் "இங்கே இப்போது வசிப்பதில்லை" என்கிறார். புதியவர் "எப்போது காயம்பட்டதென்று எனக்குத் தெரியாது" என்கிறார். இரண்டும் உண்மையே. சாட்சி சொல்லும் அயலவர்கள் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். எனவே இக்குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும் சாட்சிகள் இரண்டே இரண்டு: ஒன்று கோவை, மற்றது அந்தக் கோவையைப் படித்து, வீட்டுக்கு வந்து பார்த்து, விஷயத்தை மனத்தில் வைத்திருக்கும் உத்தியோகத்தர். அவர் மாற்றலாகிப் போகும்போது அந்த இரண்டாவது சாட்சியும் போய்விடுகிறது. கோவை எங்கோ ஒரு இறாக்கையில் கட்டோடு கட்டாகச் சேர்ந்துவிடுகிறது. நாம் இடம்பெயர்ந்தது போதாதென்று எமது கோவையும் இடம்பெயர்கிறது.

முளைக்காத கை

எமது பணிக்களத்தில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் விபரத்தை இங்கு குறிப்பிடலாம். ஊரும் பேரும் அலுவலகமும் வேண்டாம். பிறருடைய வயலிலே கூலிக்குச் சூடடிக்கும்போது குடும்பத் தலைவரின் வலது கை இயந்திரத்தில் அகப்பட்டு, மணிக்கட்டுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. அவர் விண்ணப்பித்தார். அப்போதிருந்த உத்தியோகத்தர் துவிச்சக்கர வண்டியில் வீடு தேடி வந்தார், பார்த்தார், குறிப்பெழுதினார். அடுத்த தைமாதம் அவருக்கு வருடாந்த இடமாற்றம். ஏழு மாதம் அந்தக் கதிரை வெறுமையாக இருந்தது. பக்கத்துப் பிரிவு உத்தியோகத்தர் ஒருவர் கிழமைக்கு இரண்டு நாள் வந்து பதில் கடமை பார்த்தார். தம்முடைய பிரிவு வேலையை விட்டுவிட்டு வருகிற அவருக்குப் பழைய கோவைகளைப் புரட்ட நேரம் எங்கே?

மூன்றாமவர் வந்தார். கோவையைத் தேடி எடுத்தார். வைத்தியச் சான்றின் திகதி பழையதாகிவிட்டது, புதிது வேண்டும் என்றார். சான்று கொடுத்த வைத்தியர் அதற்குள் வேறிடம் போய்விட்டார். புதிய வைத்தியர் அங்கவீனத்தின் அளவை வேறு விதமாக மதிப்பிட்டு எழுதினார். இப்போது கோவையில் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு சான்றுகள். விளக்கம் கேட்டுக் கோவை மேலிடத்துக்குப் போனது. அது திரும்பி வந்தபோது நாலாமவர் கதிரையில் இருந்தார். அவர் முதலிலிருந்து தொடங்கினார். வெட்டுண்ட கை மீண்டும் முளைத்துவிடவில்லை என்பதை அந்த மனிதர் மூன்று தடவை நிரூபிக்க வேண்டியிருந்தது.

கொடுப்பனவு இறுதியில் கிடைத்தது. கிடைத்த மாதத்திலிருந்துதான் கிடைத்தது. இடையிலே போன நான்கு வருடங்களுக்கு ஒரு சதமும் இல்லை. அந்த நான்கு வருடத்தில் மூத்த மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதாமல் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள்.

இந்தக் கதையில் கெட்டவர் எவரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இலஞ்சம் கேட்டவர் இல்லை. இனத்துவேஷம் பேசியவர் இல்லை. நால்வரும் தத்தம் கடமையைச் சட்டப்படி செய்தவர்களே. கெட்டது இடையிலே இருந்த வெற்றிடம்தான். ஒருவர் போனதுக்கும் மற்றவர் வந்ததுக்கும் இடையில், ஒருவர் அறிந்ததை மற்றவரிடம் ஒப்படைக்காத அந்த இடைவெளியில்தான் அக்குடும்பம் விழுந்தது.

ஏன் நிற்கிறார்களில்லை?

கரையோரப் பிரிவுகளில் கடமையாற்றும் வெளிக்கள உத்தியோகத்தர்களோடு மனம்விட்டுப் பேசிப் பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். அவர்களில் பலர் வெளியூர்ப் பெண்பிள்ளைகள். வாடகை அறையொன்றை இருவர் மூவராகப் பகிர்ந்துகொண்டு, கிழமை முடிவில் வீட்டுக்குப் போகிறவர்கள். கந்தோரில் ஒரு மேசைக்கு இருவர். வெளிக்களம் போக வாகனம் இல்லை. சொந்த மோட்டார் சைக்கிளில் போனால் எரிபொருளுக்குக் கிடைப்பது செலவுக்குப் போதாது. சில வீடுகளுக்குத் தனியே போக அஞ்சுகிறார்கள். அதைச் சொன்னால் வேலை செய்ய மனமில்லை என்று பெயர் வரும். காலையில் அரசியல்வாதியின் தொலைபேசி, பகலில் வரிசையில் நிற்பவரின் ஏச்சு, மாலையில் மேலதிகாரியின் அறிக்கை. நிராகரிக்க வேண்டிய விண்ணப்பத்தை நிராகரித்தால் ஊர் சபிக்கிறது. ஏற்க வேண்டியதை ஏற்று அனுப்பினாலும் மேலே நிதி இல்லையென்று திரும்பி வருகிறது. அப்போதும் சபிக்கப்படுபவர் அவரே. நாளெல்லாம் பிறருடைய காயங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு மருந்திட அதிகாரமில்லாமல் இருப்பது மனத்தை உலர்த்திவிடும் வேலை. ஆகவே எப்போது மாற்றம் கிடைக்கும் என்று நாளெண்ணுகிறார்கள். கிடைத்ததும் போய்விடுகிறார்கள்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு சுமையும் உண்டு. பெரியநீலாவணை மாவட்டத்தின் வடக்கு எல்லையில் இருக்கிறது. மாவட்டச் செயலகமோ காரைதீவு, சம்மாந்துறை கடந்து அம்பாறை நகரத்தில். அங்கே செல்லும் கடிதம் ஒரு மொழியில் போய் இன்னொரு மொழியில் திரும்புகிறது. 1987-இல் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2007 ஜூலைக்குப் பின் சேவையில் சேர்வோர் ஐந்து வருடத்துக்குள் இரண்டாம் மொழியில் தேர்ச்சி பெற வேண்டுமென்று அந்த ஆண்டின் 7-ஆம் இலக்கச் சுற்றுநிருபம் கூறியது. ஆயினும் சிங்களத்தில் வரும் கேள்விக்கு எமது உத்தியோகத்தர் இன்னொருவரைக் கொண்டு பதில் எழுதுவிப்பதும், அதற்கென ஒரு கிழமை போவதும் வழமையாகிவிட்டது.

அத்துடன் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தின் தரமுயர்வு பற்றிய பிணக்கு மூன்று தசாப்தங்களுக்கு மேலாக நீண்டுவந்தது. 2019 ஜூனில் உண்ணாவிரதம், 2024-இல் மாதக்கணக்கான கவனயீர்ப்புப் போராட்டம் என்று அது தெருவுக்கும் வந்தது. தமிழர் தரப்பில் ஒரு நியாயமும் முஸ்லிம் தரப்பில் ஒரு நியாயமும் சொல்லப்படுகின்றன. அதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமல்ல. ஆனால் ஒன்றை இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் என நம்புகிறோம். ஒரு கந்தோரின் அதிகாரம் எவ்வளவு, கணக்காளர் யார், கோவை எந்த வாசலால் போக வேண்டும் என்பவையே வாதத்தில் இருக்கும்போது, அங்கே பணியாற்றும் சாதாரண உத்தியோகத்தர் இரு பக்க இடியையும் தாங்கும் மத்தளமாகிறார். அந்த வாதத்தில் காலிழந்த தமிழனும் காலிழந்த முஸ்லிமும் ஒரே விதமாகக் காத்திருக்கிறார்கள்.

நாடு தழுவிய நோய்

இது எமது கரையோரத்தின் குறை மட்டுமல்ல. கடந்த சில ஆண்டுகளில் அரச சேவை முழுவதும் ஆட்டம் கண்டது. 2020-இல் ஐம்பதாயிரம் பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபா பயிற்சிக் கொடுப்பனவுடன் உள்வாங்கப்பட்டார்கள். பலருக்கு உட்காரக் கதிரையும் தெளிவான கடமைப் பட்டியலும் இருக்கவில்லை. 2022-இல் பொருளாதாரம் விழுந்தபோது பெற்றோல் இல்லாமல் வெளிக்கள வேலை நின்றது. வீட்டுத்தோட்டம் செய்யும்படி வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் வெளியான சுற்றுநிருபம், அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லலாம் என்றது. திறமையும் துணிவும் உள்ள பலர் போனார்கள். வைத்தியர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் நாட்டை விட்டுச் சென்றனர். ஓய்வு பெறும் வயது மீண்டும் 60 ஆக்கப்பட்டதால், 2022 டிசம்பர் 31-ஆம் திகதி ஒரே நாளில் பல்லாயிரக்கணக்கானோர் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் தலையிலிருந்த அனுபவமும் அவர்களோடு போயிற்று.

ஆட்கள் இப்படிக் குறைந்திருந்த வேளையில்தான் அஸ்வெசும தொடங்கியது. 22 அளவுகோல்களின்படி வீடுவீடாகக் கணக்கெடுத்துப் பட்டியல் வெளியானதும், 2023 நடுப்பகுதிக்குள் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. அவற்றைப் பார்க்க வேண்டியவர்கள், அன்றாட வேலைக்கே ஆள் போதாத அதே பிரதேச செயலக ஊழியர்கள்தான். 14,000-க்கும் மேற்பட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் உள்ள நாட்டில், 2024 மே மாதத்தில் மட்டும் ஏறக்குறைய 2,000 புதியவர்களை நியமிக்க வேண்டியதாயிற்று என்றால், அதற்கு முன் எத்தனை பிரிவுகளில் அயல் உத்தியோகத்தர் பதில் கடமை பார்த்திருப்பார் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அதே மாதத்தில்தான் சேவையில் இருந்தவர்கள், தமக்கென ஒரு சேவைப் பிரமாணக் குறிப்பு வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுடன் சுகயீன விடுமுறைப் போராட்டம் நடத்தினார்கள்.

2025-இல் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகக் கட்டங்கட்டமாக உயர்த்தும் முடிவு வந்தது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் சம்பளம் ஒருவரைச் சேவையில் வைத்திருக்கலாம். ஒரே கதிரையில் வைத்திருக்காது. அதற்கு வேறு ஏற்பாடுகள் வேண்டும்.

பணக்கார நாட்டிலும்

எமது நாடு ஏழை நாடு, அதனால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். உலகின் மிகப் பெரிய பணக்கார நாடான அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே அங்கவீனக் கோரிக்கைகளைப் பரிசீலிப்பதற்கென்றே மாநிலந்தோறும் தனி அலுவலகங்களும் அதற்கெனப் பயிற்றப்பட்ட பரிசீலகர்களும் உண்டு. ஒருவர் இந்த வேலையைச் சரிவரச் செய்யப் பழகுவதற்கு இரண்டு வருடமளவில் எடுக்கும் என்கிறார்கள். ஆனால் 2022-இல் பரிசீலகர்களில் நான்கில் ஒருவர் வேலையை விட்டுப் போனார்கள். வேலைப் பளு, குறைந்த சம்பளம், மன அழுத்தம் என்பனவே காரணங்களாகச் சொல்லப்பட்டன. அதன் விளைவு என்ன? 2019-இல் முதல் முடிவுக்குச் சராசரி நான்கு மாதம் காத்திருந்த விண்ணப்பதாரர்கள், 2023-இல் ஏழு மாதத்துக்கு மேல் காத்திருந்தார்கள். இந்த ஊழியர் நெருக்கடிக்கு முன்னரே அங்கே காத்திருப்பு உயிர் குடித்துவந்தது. 2008 முதல் 2019 வரை, மேன்முறையீட்டின் இறுதி முடிவு வருமுன்னரே இறந்துபோனவர்கள் 109,725 பேர் என்று அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகமே 2020-இல் அறிக்கை வெளியிட்டது.

கணினி இருந்தும், பணம் இருந்தும், ஆள் நிலைக்காவிட்டால் கோரிக்கை நகராது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. பரிசீலனை என்பது படிவத்தை நிரப்புகிற வேலையல்ல. ஒரு மனிதனுடைய உடலையும் வாழ்க்கையையும் இன்னொரு மனிதன் புரிந்துகொள்ளும் வேலை. அது பழக்கத்தால் வருவது. நெல்லின் பதத்தைக் கையிலெடுத்துப் பார்த்துச் சொல்லும் விவசாயிக்கு அந்த அறிவு ஒரு போகத்தில் வந்துவிட்டதா?

"அவர்களுக்கென்ன குறை?"

இவ்வளவும் சொன்ன பிறகு உங்களில் சிலர் கேட்கக்கூடும்: "அவர்களுக்கு மாதம் முடிந்தால் சம்பளம். வயது போனால் பென்சன். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அடுப்பு எரியும். எங்களுக்கு அதுகூட இல்லையே. அவர்களுக்காக நாங்கள் ஏன் பரிந்து பேச வேண்டும்?"

இந்தக் கேள்வி நியாயமானது. எனவே இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது, உத்தியோகத்தர் கஷ்டப்படுகிறார் என்பதற்காக அவருடைய அலட்சியத்தை மன்னிக்கும்படி நாம் கேட்கவில்லை. ஊன்றுகோலோடு வந்தவரை நிற்க வைத்துப் பேசுவதற்கும், பாமரரைப் பரிகசிப்பதற்கும், கைநீட்டுவதற்கும் எந்த வேலைப் பளுவும் காரணமாகாது. அப்படிப்பட்டவர்மீது முறைப்பாடு செய்வது உங்கள் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட.

இரண்டாவது, நாம் பரிந்து பேசச் சொல்வது உத்தியோகத்தருக்காக அல்ல, அந்தக் கதிரைக்காக. வாய்க்காலில் தண்ணீர் விடுகிறவர் மாதம் ஒருவராக மாறினால் எந்த வயலுக்கு எத்தனை நாள் முறை என்பது எவருக்கும் தெரியாமற் போகும். மேட்டு வயல் காயும், பள்ள வயல் அழுகும். அந்த மனிதர் நிலைத்திருக்க வேண்டும் என்று விவசாயி விரும்புவது அவர் மேலுள்ள பாசத்தினாலா? தன் பயிரினாலேயே. அதேபோல்தான் இதுவும். நல்ல உத்தியோகத்தர் ஒருவர் மனமுடைந்து மாற்றம் கேட்டுப் போகும்போது இழப்பு அவருக்கல்ல. அவர் வேறிடத்தில் அதே சம்பளத்தோடு இருப்பார். இழப்பவர் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவரே.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கந்தோரின் பெயரையும் திட்டத்தின் பெயரையும் மாற்றுவதால் இது தீராது. யுத்தத்தால் பாதிக்கப்பட்டோரின் இழப்பீட்டுக்கென 1987-ஆம் ஆண்டின் 29-ஆம் இலக்கச் சட்டத்தால் ஒரு புனர்வாழ்வு அதிகாரசபை இருந்தது. 2018-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்கச் சட்டத்தால் அதன் இடத்துக்கு இழப்பீட்டுக்கான அலுவலகம் வந்தது. பெயர்ப்பலகை மாறும்போதெல்லாம் எமது மக்களின் கேள்வி ஒன்றுதான்: "எங்களுடைய பழைய விண்ணப்பம் இப்போது யார் கையில்?"

நாம் கேட்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் பிரதேச ஒருங்கிணைப்புக் கூட்டங்களுக்கு மனுக் கொடுக்கின்றன. வீதி கேட்கிறோம், மதகு கேட்கிறோம், விளக்குக் கேட்கிறோம். இனிமேல் ஆளையும் கேட்போம். சமூக சேவை உத்தியோகத்தர் பதவி வெற்றிடமாக ஒரு மாதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று கேட்போம். இடமாற்றம் வந்தால் போகிறவரும் வருகிறவரும் இரண்டு கிழமையாவது சேர்ந்திருந்து, நிலுவையிலுள்ள ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பட்டியலிட்டு ஒப்படைக்க வேண்டும் என்று கேட்போம். வெளிக்களம் செல்பவருக்குப் போதிய எரிபொருட் கொடுப்பனவும், பெண் உத்தியோகத்தருக்குப் பாதுகாப்பான தங்குமிடமும் கேட்போம். மாதத்தில் ஒரு நாள் வைத்தியரும் சமூக சேவை உத்தியோகத்தரும் ஒரே இடத்தில் இருந்து அங்கவீனர்களைப் பரிசோதித்தால், முரண்பட்ட சான்றுகளும் வீண் அலைச்சலும் பாதியாகக் குறையும். இவையொன்றும் கோடிக்கணக்கில் செலவாகிற காரியங்களல்ல.

கேட்பதற்கு முன் விபரம் தெரிந்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. எமது பிரிவில் எத்தனை பதவிகள் வெற்றிடம், எவ்வளவு காலமாக, எத்தனை அங்கவீன விண்ணப்பங்கள் நிலுவையில் என்று எவரும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தமது முடிவை அறிவிக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அதை எழுத்தில் பதிந்துகொள்வது அவருடைய கடமை.

அடுத்து, எமது சாட்சியை நாமே காப்போம். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் பிரதி எடுத்து, அதிலே கந்தோரின் திகதி முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். வைத்தியசாலைத் துண்டு, பழைய ஊர் வதிவிடச் சான்று, இடம்பெயர்ந்த காலத்து நிவாரண அட்டை எதையும் வீசிவிட வேண்டாம். ஒவ்வொரு சங்கமும் ஒரு கொப்பி வைத்திருக்கட்டும்: இன்ன குடும்பம், இன்ன ஊரிலிருந்து இன்ன வருடம் வந்தது, அங்கவீனர் யார், எப்படி ஏற்பட்டது, விண்ணப்பித்த திகதி, வீட்டுக்கு வந்து பார்த்த உத்தியோகத்தர், அவர் சொன்னது. அயலவர் இருவர் அதிலே கையொப்பமிடட்டும். சட்டத்தின் முன் அது இறுதிச் சான்றாகாமல் இருக்கலாம். ஆனால் புதிதாக வந்த உத்தியோகத்தருக்கு எங்கே தொடங்குவது என்று காட்டும்.

புதியவர் வந்தால் குறை சொல்லப் போகுமுன் ஒரு தடவை அழைத்து வாருங்கள். குளக்கட்டையும் கடற்கரையையும் சுற்றிக் காட்டுங்கள். எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார், எந்த ஒழுங்கை மழைக்கு மூழ்கும் என்று சொல்லுங்கள். ஒரு தேநீர் கொடுங்கள். அதற்குமேல் எதுவும் கொடுக்க வேண்டாம். ஊர் தன்னை மதிக்கிறது என்று அறிந்தவர் மாற்றம் கேட்க ஒருமுறை யோசிப்பார். போகத்தான் நேர்ந்தாலும் தம் கோவைகளை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுப் போவார்.

காணி மீளக் கிடைப்பது எப்போது என்று நாம் சொல்ல முடியாது. அது பெரிய இடங்களில் தீர்மானிக்கப்படுகிறது. ஆனால் ஒரு கந்தோரில், ஒரு மேசையில், எமது பெயரையும் எமது காயத்தையும் அறிந்த ஒருவர் சில வருடங்களாவது நிலைத்திருக்க வேண்டும் என்பது எமது பிரதேச செயலகத்துக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் எட்டக்கூடிய காரியம். அடுத்த சங்கக் கூட்டத்தில் அதை முதலாவது விடயமாக எடுத்துப் பேசுங்கள்.